மொறிஸ் மைனர் பின் ஸ்பிறிங்: புதியது ஷக்கிளுக்கு எட்டவில்லை, பூட்டிய பக்கம் உயர்ந்து நிற்கிறது

கோண்டாவில்_மைனர்:

வணக்கம். வீட்டு மொறிஸ் மைனரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பின் ஸ்பிறிங் பூட்டுகிற இடத்தில் இரண்டு கிழமையாக வேலை நிற்கிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கார் மைனர் 1000, 1959ஆம் ஆண்டு, இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின். அப்பா 1974இல் ஒரு வாத்தியாரிடம் வாங்கினார். 90களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், அந்தப் புகை மணம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது இந்தக் காரில் எட்டுப் பேர் இருந்தோம். அதோடு இரண்டு மூட்டை அரிசி, அம்மாவின் தையல் மெஷின், மேலே பாய் தலையணை. நாவற்குழிப் பாலம் தாண்டும்போது விடிந்துவிட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. அன்றைக்கு இருந்த பின்பக்கம் அதற்குப் பிறகு நிமிரவில்லை என்று அப்பா சொல்லுவார், உண்மைதான், நான் பார்த்த நாளெல்லாம் அது குந்திக்கொண்டுதான் நின்றது. அப்பாவுக்கு இப்போது 79. கார் எழும்பி ஓடுவதை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

பழைய ஸ்பிறிங் இரண்டையும் கழற்றியபோது அநேகமாக நேர்க்கோடாகப் படுத்துவிட்டிருந்தன. வலது பக்கத்தில் இரண்டாவது தகடு முழுதாக வெடித்து இரண்டாக இருந்தது, கழற்றும்வரை யாருக்கும் தெரியாது. கொழும்பில் ஒரு கடையில் புதிய சோடி ஒன்று எடுப்பித்தேன், மைனருக்கு உரியது என்றுதான் தந்தார்கள்.

முதலில் இடது பக்கத்தைப் பூட்டினேன். முன் கண்ணுக்கு (ஸ்பிறிங் முனையில் இருக்கிற வளையத்துக்கு) போல்ட் போட்டு, நடுவில் அக்ஸிலோடு (பின் சில்லு அச்சோடு) யூ போல்ட் போட்டு இறுக்கி, பிறகு பின் கண்ணை அலவாங்கால் நெம்பி இழுத்துத்தான் ஷக்கிளுக்குள் (பின் கண்ணைக் காரின் உடலோடு இணைக்கிற ஆடும் கொளுவிக்குள்) விட்டேன். போட்டவுடன் எல்லா நட்டையும் வடிவாக இறுக்கிவிட்டேன். இப்போது வலது பக்கத்தில் அதே வேலையைச் செய்யப் பார்த்தால் பின் கண் ஷக்கிள் துவாரத்துக்கு ஒன்றேகால் அங்குலம் எட்டாமல் நிற்கிறது, நெம்பியும் வரவில்லை. இடது பக்கத்தைச் சில்லுப் போட்டு இறக்கிப் பார்த்தேன், பின்பக்கம் ஆட்டுக்கடா மாதிரி உயர்ந்து நிற்கிறது, கையால் அமத்தினால் இறங்குவதும் இல்லை.

பொடிக்கு (காரின் உடலுக்கு) பெயின்ற் அடித்தாயிற்று, எஞ்சின், கியர் பொக்ஸ், இருக்கை, கதவு, பெற்றோல் தாங்கி எல்லாம் வெளியே இருக்கின்றன. ஸ்பிறிங் பிழையானதா? கம்மாலையில் கொடுத்து வளைவைக் கொஞ்சம் குறைப்பிக்கலாமா? கூட்டாளி ஒருவன் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டுப் பூட்டு என்கிறான். எனக்கு மனம் வரவில்லை.


சுன்னாகம்_கராஜ்:

தம்பி, முதல் வேலை, கம்மாலைக்குக் கொண்டுபோகாதேயும். தகடும் கழற்றாதேயும். உம்முடைய ஸ்பிறிங் அநேகமாகச் சரியான ஸ்பிறிங்தான்.

வில்லை நினைத்துப் பாரும். நாண் கட்டி நன்றாக வளைத்தால் இரண்டு முனைக்கும் இடையிலான தூரம் குறையும், வளைவு நிமிர்ந்தால் தூரம் கூடும். பழைய ஸ்பிறிங் படுத்துப்போய் நீட்டாகக் கிடந்தது, அதனால் அது ஷக்கிளுக்கு லேசாக எட்டியது. புதியது நல்ல வளைவோடு வருகிறது, பாரம் இல்லாதபோது கண்ணுக்குக் கண் தூரம் குறைவாகத்தான் இருக்கும். பாரம் வந்து படுக்கும்போது அது நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் பின்னால் ஷக்கிள் ஆடுகிற மாதிரி வைத்திருக்கிறான், முன் கண் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆகவே ஒன்றேகால் அங்குலம் எட்டவில்லை என்பது பழுதுக்கு அறிகுறி இல்லை, நீர் பூட்டிய ஒழுங்குதான் பிழை. நடுவை அக்ஸிலோடு கட்டிவிட்டுப் பிறகு வாலை இழுக்கப் பார்த்தால் வராது.

ஒழுங்கு இப்படி. யூ போல்ட் எதுவும் இல்லாமல் ஸ்பிறிங்கைத் தனியாக எடும். முன் கண்ணை ஹேங்கருக்குள் (பொடியில் அதைப் பிடிக்கிற பெட்டிக்குள்) வைத்து போல்ட்டைப் போடும், நட்டை விரலால் மட்டும். பிறகு ஷக்கிளை முதலில் பொடிப் பக்கத்தில் போட்டு, அதை முன்னுக்குச் சாய்த்து, ஸ்பிறிங்கின் பின் கண்ணுக்குக் கொண்டுவாரும். ஸ்பிறிங் தொங்கிக்கொண்டிருப்பதால் அது தன்பாட்டில் ஏறி இறங்கும், ஷக்கிளும் ஆடும், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அதற்குப் பிறகுதான் அக்ஸிலை மெதுவாக ஸ்பிறிங்கின் மேல் இறக்க வேண்டும். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடுப் போல்ட் இருக்கிறதே, அதன் தலை அக்ஸில் இருக்கைத் துவாரத்துக்குள் சரியாகக் குந்த வேண்டும். அது குந்தாமல் யூ போல்ட்டை இறுக்கினால் அக்ஸில் ஒரு பக்கம் முன்னுக்கோ பின்னுக்கோ நிற்கும், பிறகு கார் நண்டு மாதிரித்தான் ஓடும், ரயரும் தேயும்.

போடுமுன் நடுப் போல்ட்டிலிருந்து முன் கண்ணுக்கும் பின் கண்ணுக்கும் ரேப் பிடித்து அளந்து பாரும். இரண்டு பக்கமும் ஒரே அளவில்லை என்றால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பழையதோடு வைத்து ஒப்பிட்டுக்கொள்ளும். திருப்பிப் போட்ட ஸ்பிறிங்கை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

அடுத்தது, இடது பக்கம். நீர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. அந்தரத்தில் தொங்கவிட்டே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டீர், இல்லையா? அது பெரிய பிழை. முன் கண்ணில் இருக்கிற புஷ்ஷைப் பாரும், நடுவில் இரும்புக் குழல், அதைச் சுற்றி இறப்பர். போல்ட்டை இறுக்கியவுடன் உள்குழல் ஹேங்கரோடு பிடிபட்டுவிடும், அதற்குப் பிறகு ஸ்பிறிங் ஏறி இறங்கும்போது குழல் சுழலாது, இறப்பர்தான் முறுகிக் கொடுக்கும். அந்தரத்தில் இறுக்கினால் கார் நிலத்தில் நிற்கிற முழு நேரமும் அந்த இறப்பர் ஒரு பக்கம் முறுகியபடியே நிற்கும். அது தானே ஒரு ஸ்பிறிங் மாதிரி பொடியை மேலே தள்ளும், அதனால்தான் அமத்தியும் இறங்கவில்லை. அப்படியே ஓடினால் கொஞ்ச நாளில் இறப்பர் கிழியும். ஷக்கிள் இறப்பரும் அப்படித்தான். எல்லா நட்டையும் தளர்த்தும், கழற்ற வேண்டாம், தளர்த்தினால் காணும்.

இன்னொன்று. எஞ்சின், இருக்கை, தாங்கி எதுவும் இல்லாத வெறும் கோதை வைத்து உயரத்தைப் பார்த்து ஸ்பிறிங்கைக் குறை சொல்லக்கூடாது. முழுக் கார் ஏறக்குறைய 750 கிலோ, அந்த ஸ்பிறிங் அந்தப் பாரத்துக்கும் ஆட்களுக்கும் செய்தது.

இரண்டு விசயம் எழுதும்: இரண்டு ஸ்பிறிங்கிலும் எத்தனை தகடு என்று எண்ணிப் பாரும். பொடியை எதில் முண்டு கொடுத்து வைத்திருக்கிறீர்?


ரக்ரர்_ராசா:

நான் கராஜ் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் தகடு விசயத்தில் வேறு அனுபவம் இருக்கிறது. என்னுடைய ஒஸ்ரின் ஏ40இன் பின்பக்கம் படுத்தபோது புதியதற்குக் காசு இல்லை, வான் ஒன்றின் தகட்டை வெட்டி ஒவ்வொரு பக்கமும் ஒன்று கூடப் போட்டேன். உயரம் நன்றாக வந்தது, ஆறு வருடமாக ஓடுகிறது. கல்யாண ஓட்டத்துக்கு ஐந்து பேரை ஏற்றினாலும் தட்டாது. வெறுமனே ஓடும்போது கொஞ்சம் குதிக்கும், அவ்வளவுதான். ஆகவே தகட்டைக் கூட்டுவது குறைப்பது ஒன்றும் பெரிய பாவம் இல்லை. படுத்த பழைய ஸ்பிறிங்கை எறிய வேண்டாம் என்றுதான் சொல்ல வருகிறேன்.


ஹரோ_ட்ரவெலர்:

வணக்கம். லண்டனில் 1967 மைனர் ட்ரவெலர் (பின்னால் சாமான் ஏற்றுகிற ஸ்ரேசன் வாகன்) ஒன்று வைத்திருக்கிறேன், பின் ஸ்பிறிங் இரண்டு தரம் கழற்றிப் பூட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

தகடு எண்ணச் சொன்னது மிக முக்கியம். மைனருக்கு 5 தகட்டு ஸ்பிறிங்கும் 7 தகட்டு ஸ்பிறிங்கும் உண்டு, ட்ரவெலர் மாதிரிப் பாரம் கூடிய வண்டிக்கு 7 தகடு. சோடி என்று சொல்லித் தருகிற கடையிலும் ஒன்று ஒன்றாக மாறி வந்துவிடும். ஒரு பக்கம் 5, மற்றப் பக்கம் 7 என்றால் என்ன செய்தாலும் கார் நேராக நிற்காது.

ஆனால் நான் எழுத வந்த விசயம் வேறு. புதிய ஸ்பிறிங்கைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம், அது தொங்கப் போகிற ஹேங்கரை யாராவது பார்த்தீர்களா? மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, பொடியும் அடித்தளமும் ஒன்றாக வெல்டிங் செய்தது. முன் கண் பிடிக்கிற பெட்டி பின் இருக்கைக்குக் கீழே தளத்தோடு சேர்ந்திருக்கிறது, பின் சில்லு வாரி எறிகிற சேறும் தண்ணீரும் போய்ச் சேருகிற இடம் அது. மைனரில் கறள் முதலில் தின்னுகிற இடங்களில் அதுவும் ஒன்று. இங்கே வருடாந்தப் பரிசோதனையில் சஸ்பென்சன் பிடிக்கிற இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பொடி பலமிழக்கக் கறள் தின்றிருந்தால் வண்டி பெயில். 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை, அப்படி இருந்தும் நான் வருடம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுகிறேன், அந்த ஹேங்கருக்காகவே.

உங்கள் காரில் பெயின்ற் அடித்தாயிற்று என்றீர்கள். பெயின்றும் கீழ்ப்பூச்சும் கறளை மறைத்துவிடும். கூரான ஸ்குறூ ட்றைவர் ஒன்றால் ஹேங்கரைச் சுற்றிக் குத்திப் பாருங்கள், சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், தின்ற இரும்பு மொத்தைச் சத்தம் போடும். வலியாக இருக்கும், அடித்த பெயின்ற்றை நாமே குத்துவதற்கு. ஆனால் பழைய ஸ்பிறிங் படுத்துப்போய்ப் பலமில்லாமல் கிடந்தது, புதியது முழுப் பலத்தோடு அந்தப் பெட்டியைத் தள்ளப் போகிறது. குத்துங்கள்.

போல்ட் விசயமும் ஒன்று. இந்தக் காரில் இருப்பது யு.என்.எஃப் புரி, அங்குல அளவில் வருகிற நெருக்கமான புரி. இரும்புக் கடையில் கிடைக்கிற மெட்ரிக் நட் சிலவேளை ஏறுவது போல ஏறும், இறுக்கும்போது புரியை அழித்துவிடும். யூ போல்ட்டைப் பழையதைத் திரும்பப் பாவிக்காதீர்கள், ஒருமுறை இழுபட்டுக் கறள் பிடித்தது மறுபடி அதே இறுக்கம் தாங்காது. அனுப்பிவைக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடலாம்.


லேத்_நல்லூர்:

ரக்ரர் அண்ணா கோபிக்கக் கூடாது. தகடு கூட்டுவது பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வது.

தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப்படி கூடும். 6 மில்லிமீற்றர்த் தகட்டுக்குப் பதில் 7 மில்லிமீற்றர் போட்டால் கூடுவது ஒரு மில்லிமீற்றர்தான், ஆனால் 7ஐ மூன்று தரம் பெருக்கினால் 343, 6ஐ மூன்று தரம் பெருக்கினால் 216. அந்தத் தகடு மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பு. வான் தகடு இன்னும் தடிப்பு. அது வளையாது, மற்றத் தகடுகள் வளைய அது மட்டும் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், குழியில் விழும்போது அடி முழுக்கப் பொடிக்குப் போகும். டெவன், சொமசெற் மாதிரிப் பழைய ஏ40 என்றால் கீழே தனிச் சட்டகம் இருக்கிறது, அது தாங்கும். மைனரில் அந்த அடி ஹரோ அண்ணா சொன்ன அதே தகரப் பெட்டிக்குத்தான் போகும்.

பழையதை எறியாதீர்கள் என்பது சரி. ஆனால் கம்மாலையில் ரோர்ச்சால் சிவக்கச் சூடாக்கி வளைத்தால் வளைவு வரும், பதம் போய்விடும், இரண்டு மாதத்தில் மறுபடி படுக்கும். சரியாகச் செய்வதென்றால் ஒவ்வொரு தகட்டையும் முழுதாக 850 பாகைக்குக் கிட்டச் சூடாக்கி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 450 – 500 பாகையில் திரும்பப் பதம் வைக்க வேண்டும். அதற்கு அடுப்பும் வெப்பமானியும் வேண்டும். இல்லாத இடத்தில் குளிர் இரும்பாகவே சின்னச் சின்ன அடியாக வளைத்து எடுப்பதுதான் பாதுகாப்பு, அதுவும் ஒரு அளவுக்குத்தான்.

பழைய ஸ்பிறிங்கைப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நடுப் போல்ட்டை வெட்டுமுன் இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், வெட்டியபின் கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வளைவு மிச்சமிருக்கிற ஸ்பிறிங் பிரிந்தால் தகடு தெறிக்கும். எங்கள் பட்டறையில் ஒரு பெடியனின் முன்பல் போனது அப்படித்தான்.


ரக்ரர்_ராசா:

கோபம் ஒன்றும் இல்லைத் தம்பி. மைனருக்குக் கீழே சட்டகம் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. என்னுடைய ஏ40இல் பின் ஷக்கிள் இறப்பர் வருடத்துக்கு ஒருமுறை போவதும் இந்த விறைப்பால்தான் போல. புதியது எடுக்கத்தான் வேண்டும்.


கோண்டாவில்_மைனர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று பின்னேரம் முழுக்கக் காருக்குக் கீழேதான் கிடந்தேன்.

தகடு இரண்டு பக்கமும் 5. நடுப் போல்ட்டும் அளந்தேன், முன்பக்கம் கொஞ்சம் கட்டை, இடது பக்கத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். கராஜ் ஐயா கேட்ட மாதிரித் தொங்கவிட்டேதான் இறுக்கினேன். பொடி முன்பக்கம் இரண்டு ஸ்ராண்ட்டில் நிற்கிறது, பின்பக்கம் ஸ்ராண்ட் காணாததால் புளொக் கல் அடுக்கி மேலே பலகை வைத்திருக்கிறேன்.

ஹரோ அண்ணா, குத்தினேன். இடது பக்கம் கணீர். வலது பக்க ஹேங்கரின் உள்பக்க மூலையில் ஸ்குறூ ட்றைவர் நேரே உள்ளே போய்விட்டது, பெருவிரல் போகிற அளவு ஓட்டை, சுற்றிவரப் பழைய தார் மாதிரி ஏதோ பூசி மூடியிருக்கிறது. பெயின்ற் அடித்தவர் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வலது ஸ்பிறிங் தகடு வெடித்ததும் இந்தப் பக்கம்தான். பெயின்ற் காசு போனாலும் பரவாயில்லை, வெட்டி ஒட்டத்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். எந்தத் தடிப்புத் தகரம், எப்படி? ஸ்பிறிங்கைக் கழற்றாமல் இடது பக்கத்தைப் பிறகு பார்க்கலாமா?


சுன்னாகம்_கராஜ்:

தம்பி, இதை வாசித்தவுடன் எழும்பிப் போய் அந்தப் புளொக் கல்லை எடும். சீமெந்துக் கல் நிற்கும்வரை நிற்கும், பிறகு முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும். ஸ்ராண்ட் இல்லையென்றால் நல்ல வைரமான பனங்குற்றி இரண்டு எடுத்து, தளம் சமமாக அறுத்துக் குறுக்குமறுக்காக அடுக்கும், அந்தக் காலத்தில் நாங்கள் பஸ்ஸையே அதில் நிறுத்தி வேலை செய்தோம். முண்டு கொடுக்கிற இடம் ஹேங்கருக்கு முன்னால், தளத்தின் பலமான பகுதியில். ஓட்டை விழுந்த பெட்டிக்குக் கீழே கொடுக்காதேயும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதேயும்.

வெல்டிங் முதலில், ஸ்பிறிங் பிறகு. வலது ஸ்பிறிங்கை எடுத்து வெளியே வையும், வெல்டிங் பொறி ஸ்பிறிங் தகட்டில் விழுந்தால் அந்தப் புள்ளி கடினமாகி அங்கேதான் நாளைக்கு வெடிக்கும். ஸ்பிறிங்கில் வெல்டிங் எர்த் கிளிப்பும் போடாதேயும், எவ்வளவோ பேர் அந்தப் பிழையை விடுகிறார்கள். இடது பக்கத்தை நனைத்த சாக்கால் மூடினால் காணும். தகரம் 2 மில்லிமீற்றர் எடும், மினுங்குகிற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, வெட்டின இடத்துக்கு அளவாகத் துண்டு செய்து விளிம்போடு விளிம்பு ஒட்டுவியும். ஓட்டைக்கு மேல் பெரிய துண்டை அப்படியே போர்த்துவிட்டால் இடையில் தண்ணீர் நிற்கும், எங்களுடைய உப்புக் காற்றுக்கு மூன்று வருடம் காணும் அது தின்ன. வெட்டுமுன் ஹேங்கர் போல்ட் துவாரத்திலிருந்து மற்றப் பக்கத் துவாரத்துக்கும், பின் ஷக்கிள் துவாரத்துக்கும் அளந்து எழுதி வையும். ஒட்டின பிறகு அதே அளவு வர வேண்டும். கால் அங்குலம் மாறினாலும் அக்ஸில் சரிந்து நிற்கும்.

தாங்கி வெளியே இருக்கிறது என்றீர், நல்லது. பெற்றோல் குழாய் காருக்குக் கீழே இன்னும் இருக்குமே, அதைக் காற்றடித்துச் சுத்தமாக்கி இரண்டு முனையும் மூடும். பழைய பெற்றோல் ஆவி சும்மா கிடக்காது. பிறேக் குழாயிலும் கண் வையும், அக்ஸிலைத் தாழ விடும்போது நடுவில் இருக்கிற இறப்பர்க் குழாய் இழுபடும், அக்ஸிலுக்குக் கீழே எந்நேரமும் ஜக் இருக்கட்டும்.

பூட்டுகிற ஒழுங்கு முன்பே சொன்னேன். இறப்பருக்குக் கிறீஸ் போடாதேயும், எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும், சவர்க்காரத் தண்ணீர் தொட்டு உள்ளே விடும், பிறகு அது காய்ந்துவிடும். போல்ட் தண்டுக்கு மட்டும் கிறீஸ் மெல்லியதாகப் பூசும், அடுத்தமுறை கழற்றுகிறவன் உம்மை வாழ்த்துவான். ஷொக் அப்சோபர் கையின் இணைப்பு, கீழே யூ போல்ட் தகட்டில் வருகிறது, அந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டுவிடாதேயும், இடது வலது பார்த்துப் போடும்.

பிறகு பாரம். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதேயும். சில்லுப் போட்டு நிலத்தில் இறக்கும். எஞ்சினும் இருக்கையும் ஏறாமல் கடைசி இறுக்கம் வேண்டாம். பொறுக்க முடியாவிட்டால் 50 கிலோ சீமெந்துப் பை இரண்டைப் பின் இருக்கை இடத்தில், ஒன்றை டிக்கியில் வையும், முன்பக்கமும் எஞ்சின் இடத்தில் அதற்கேற்ற பாரம் வையும். காரை நான்கைந்து தரம் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டும், பின் பம்பர் இடத்தில் ஏறி நின்று குதியும். இறப்பரெல்லாம் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அப்போது முன் கண், ஷக்கிள், எல்லாவற்றையும் இறுக்கும். யூ போல்ட்டை மட்டும் முன்பே சமமாகக் குறுக்குமறுக்காக இறுக்கலாம், ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதேயும்.


ஹரோ_ட்ரவெலர்:

கராஜ் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. யூ போல்ட் நான்கும் நட்டுகளும் நாளை வாங்குகிறேன். என் மச்சாள் அடுத்த மாதம் 4ஆம் திகதி வருகிறா, கொடுத்துவிடுகிறேன். காசு வேண்டாம். 95இல் நாங்களும் அந்தப் பாலத்தில்தான் நின்றோம், சைக்கிளில்.


கோண்டாவில்_மைனர்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

புளொக் கல் அன்றிரவே போய்விட்டது, மாமா வீட்டு வளவில் இருந்த பனங்குற்றி வந்தது. வலது ஹேங்கரை வெட்டியபோது ஓட்டை பெருவிரல் அளவில் நிற்கவில்லை, உள்ளங்கை அளவுக்குப் போனபிறகுதான் நல்ல இரும்பு தெரிந்தது. லேத்_நல்லூர் தம்பிதான் வந்து ஒட்டித் தந்தார். அளவு ஒட்டுமுன் எழுதியதற்கும் பின் எடுத்ததற்கும் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். யூ போல்ட் கிடைத்தது அண்ணா, அம்மா உங்கள் மச்சாளுக்கு ஒரு போத்தல் எள்ளுருண்டை கொடுத்துவிட்டிருக்கிறா.

வலது பக்கம் ஐயா சொன்ன ஒழுங்கில் பூட்டியது அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அலவாங்கு தேவைப்படவே இல்லை, ஷக்கிளை முன்னுக்குச் சாய்க்கக் கண் தானே வந்து சேர்ந்தது. இரண்டு கிழமை இழுத்துப் பார்த்த அதே ஸ்பிறிங்.

எஞ்சின் ஏறும்வரை பொறுக்கவில்லை, சீமெந்துப் பைதான் வைத்தேன். இடது பக்க நட்டுகளைத் தளர்த்தியபோது முன் கண்ணில் டக் என்று ஒரு சத்தம், அந்த இறப்பர் விடுபட்டது அது. நிலத்திலிருந்து சில்லு வளைவு வரை அளந்தேன். முன்பு இடது பக்கம் வலதைவிட ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக நின்றது, உருட்டிக் குதித்து இறுக்கியபின் கால் அங்குலத்துக்கும் குறைவு. அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பின் பம்பர் இடத்தில் ஏறி நின்று குதி என்று நான் சொன்னதும் தங்கச்சியின் மகன் ஏறினான், அப்பா தானும் ஏற வேண்டும் என்று எழும்பிவிட்டார், பிடித்து ஏற்றினோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி எழும்பியது.

ஒரு கேள்வி மிச்சம்: எஞ்சின் ஏற்றியபின் மறுபடி தளர்த்தி இறுக்க வேண்டுமா?


சுன்னாகம்_கராஜ்:

ஓம். சீமெந்துப் பை எஞ்சின் இல்லை. எஞ்சின், தாங்கி, இருக்கை எல்லாம் ஏறியபின் ஒருமுறை தளர்த்தி உருட்டி இறுக்கும், பத்து நிமிட வேலை. யூ போல்ட்டைத் தளர்த்த வேண்டாம், ஆனால் முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஸ்பனர் போட்டுப் பாரும், அக்ஸிலுக்கும் ஸ்பிறிங்குக்கும் இடையில் இருக்கிற இறப்பர் அமர்ந்து கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். 500 ஓடியபின் இன்னொருமுறை. கால் அங்குல வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படாதேயும்.

முன்பக்கம் டோர்சன் பார் (முறுகி ஸ்பிறிங் வேலை செய்கிற கம்பி) உயரம் பார்க்கப் போகும்போது வேறாகக் கேளும், பின்பக்கம் நிமிர்ந்தால் முன்பக்கம் தாழ்ந்த மாதிரித் தெரியும், அதைப் பார்த்து அவசரப்பட்டுத் திருக வேண்டாம். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லும்.